தம் கட்டத் தெரிந்தவன் கடலுக்குப் போனது

கள்ளக்குறிச்சியில் பம்ப்செட்டும் பைப்பும் விற்கிறவனுக்குக் கடலுக்கு அடியில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். என் மூன்று தங்கைகளும், அவர்கள் வீட்டுக்காரர்களும், எதிர்க்கடை உர வியாபாரியும் ஏற்கெனவே கேட்டுவிட்டதால் எனக்கு அது பழகிவிட்டது. எங்கள் ஊரிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் கடலூருக்குப் பஸ் பிடித்து, பாதி நாளைத் தொலைக்க வேண்டும். மலை வேண்டுமானால் சுலபம். மொட்டைமாடியில் ஏறி நின்றால் கல்வராயன் மலை தெரியும். கடலுக்கு ஆசைப்பட எனக்கு எந்த நியாயமும் இல்லை.

ஆனால் எனக்குச் செல்வம் இருந்தான்.

செல்வம் கச்சிராயபாளையத்தில் கரும்பு போடுகிறவன். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்து இடம். அவனுடைய அப்பாவின் கிணற்றில்தான் நீச்சல் பழக்க என் முதுகில் ஒரு காலி பிளாஸ்டிக் கேனைக் கட்டி, சொல்லாமல் கொள்ளாமல் தள்ளிவிட்டார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை நாங்கள் இருவரும் வண்டியில் வெள்ளிமலைப் பக்கம் ஏறுவோம். அருவித் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு, இந்தத் தடவை எந்த நாட்டுக்குப் போவது என்று முடிவு செய்வோம். இரண்டு பேருக்கும் சேர்த்து எல்லாம் ஏற்பாடாகும். கிளம்பப் போகிற சமயத்தில் அவனுக்குச் சர்க்கரை ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வரும். உத்தரவு வந்தால் வெட்டியாக வேண்டும். வெட்டு ஆட்களைப் பிடித்து, டிராக்டரைப் பிடித்து, பாரத்தோடு ஆலைக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். இது எந்த மாதம் வரும், எந்த வாரம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. எங்கள் டிக்கெட் எந்த வாரத்தில் இருக்கிறதோ அந்த வாரத்தில் வரும் என்பது என் அனுபவம்.

இப்படியாக, நண்பனோடு ஊர் சுற்ற ஆசைப்பட்டவன், தனியாக உலகம் சுற்றும் ஆள் என்று பஜாரில் பெயர் வாங்கிவிட்டேன். இலங்கை, தாய்லாந்து, வியட்நாம் எல்லாம் தனியாகத்தான். "பாய்க்கு இன்னா தைரியம்" என்பார்கள். தைரியமெல்லாம் இல்லை. டிக்கெட் வீணாகக் கூடாது, அவ்வளவுதான்.

இந்த முறை மலேசியா. நோன்பு முடிந்து, பள்ளிவாசலில் கஞ்சி அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. கிளம்ப இன்னும் சில நாள் இருக்கும்போது செல்வம் கடைக்கு வந்தான். நேராக உள்ளே வந்து என் நாற்காலியில் உட்காருகிறவன், அன்று வாசலிலேயே நின்று பிவிசி பைப்பைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கட்டிங் ஆர்டரா?" என்றேன்.

"கோச்சிக்காதடா பஷீரு. சீசன் முடியுது, ஆலைய மூடப்போறாங்க. இப்ப வுட்டா கரும்பு வெறகாப் பூடும்."

"போன வருசமும் இதான் சொன்ன."

"போன வருசமும் கரும்புதானடா போட்டேன்."

இதற்கு மேல் ஒருவனோடு என்ன சண்டை போடுவது? போகும்போது, கடலுக்குள் முங்குகிற வகுப்பில் மட்டும் கட்டாயம் சேர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். அது அவனுடைய ஆசை. கைப்பேசியில் யாரோ மீன்களோடு நீந்துவதைப் பார்த்துவிட்டு, நம்ம கிணற்றில் பாம்போடு நீந்தியவர்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்று மலைமேல் உட்கார்ந்து சவால் விட்டவன் அவன்தான்.

அன்றைக்கே மனசுக்குள் ஒரு முடிவு எடுத்துக்கொண்டேன். தனியாகப் போவது இதுதான் கடைசி. திரும்பி வந்ததும் பாஸ்போர்ட்டை பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கைகளுக்கு ஒவ்வொருத்தியாக மாப்பிள்ளை பார்த்து முடித்தபோது, எனக்கு யாரும் பார்க்கவில்லை என்பது என் நினைவுக்கே தாமதமாகத்தான் வந்தது. அதனால் வீட்டில் தனியாக இருந்து நல்ல பழக்கம் உண்டு. அதையே விமானம் ஏறிப் போய் வேறு நாட்டில் செய்வானேன்?

கடையைக் கடைசித் தங்கை வீட்டுக்காரரிடம் விட்டேன். நான் ஊரில் இல்லாதபோது வியாபாரம் ஜாஸ்தி என்பது அவர் கருத்து.

விமானத்தில் செல்வத்தின் இருக்கை காலியாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் பின்வரிசைக்காரர் ஒருவர் அங்கே வந்து காலை நீட்டி, என் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். எழுப்ப மனசு வரவில்லை. இறங்கும்போது அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கோலாலம்பூரில் முதல் வேளைச் சாப்பாட்டுக்கு ஒரு தமிழ்க் கடையில் நுழைந்தேன். "எத்தனை பேர்?" என்று கேட்டார் பரிமாறுகிறவர். பேச்சைக் கேட்டால் ராமநாதபுரம் பக்கம். ஒரு விரலைக் காட்டினேன். "ஒரு ஆளா? அப்ப அந்தச் செவத்தோரம் உக்காருங்க பாய்." சுவரோரம் என்றால் கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்து மேசை. எந்த நாட்டிலும் ஒற்றை ஆளுக்கு அதுதான் இடம் என்று நான் கண்டுபிடித்திருக்கிறேன். கை கழுவ வருகிறவர்கள் எல்லாரும் என் தோளில் நாலு சொட்டுத் தெளித்துவிட்டுப் போனார்கள். குறை சொல்ல மாட்டேன். சாப்பிடும் நேரம் முழுக்கப் பக்கத்தில் யாராவது நின்றார்கள்.

சாப்பாடு நன்றாகவே இருந்தது. தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, வறுத்த நெத்திலி, வேர்க்கடலை, மேலே இனிப்பும் காரமுமாக ஒரு சட்னி. நம் ஊரில் இதைக் கல்யாணத்தில் வைத்தால் சோற்றோடு கடலை எப்படி வந்தது என்று சமையல்காரரைப் பிடித்து உலுக்கிவிடுவார்கள். நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் பஸ்ஸில் ஒரு கூத்து. வழியில் எங்கேயோ தேநீருக்கு நிறுத்தினார்கள். நான் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் பஸ் இல்லை. என் பெட்டியும் இல்லை. நம் ஊர் டவுன் பஸ்ஸில் இப்படி நடக்காது. பக்கத்து சீட்டுக்காரர் கத்துவார், முன்சீட்டு அம்மா கண்டக்டரைத் திட்டுவார், "அந்த வெள்ளச் சட்டைக்காரரு இன்னும் ஏறல" என்று மொத்த பஸ்ஸும் நிற்கும். அதைவிட முக்கியம், கூட வந்தவன் இருப்பான். தனியாகப் போகிறவன் ஒரு நிறுத்தத்தில் காணாமல் போனால், ஒரு தலை குறைகிறது என்று சொல்ல பஸ்ஸில் ஆளே கிடையாது. அந்த டீக்கடைப் பெஞ்சில் அடுத்த பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தபோது, பயணம் போகட்டும், பொதுவாகவே இது உண்மைதானே என்று தோன்றிவிட்டது. உடனே எழுந்து போய் ஒரு டீ குடித்தேன். அந்த மாதிரி நினைப்புகளுக்கு டீதான் மருந்து. கடைசி நிறுத்தத்தில் என் பெட்டி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்து, காவலர் நாற்காலிக்குப் பக்கத்தில் நிம்மதியாக நின்றுகொண்டிருந்தது.

பிறகு படகு. பிறகு தீவு.

தீவின் நடுவில் ஒரு குன்று இருந்தது. கோமுகி அணைக்கரையில் நின்று பார்த்தால் கல்வராயன் எப்படி நீலமாக முதுகைக் காட்டிப் படுத்திருக்குமோ அப்படியே இருந்தது. அடிவாரத்தில் கரும்புக்குப் பதிலாகக் கடல். மழைக்காலம் முழுக்க மூடிக்கிடந்த விடுதிகளை அப்போதுதான் திறந்து பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். பெருநாள் கூட்டமும் வடிந்துவிட்டது. மொத்தத் தீவிலும் ஆட்களைவிடப் பூனைகள் அதிகம்.

அறைக்குப் போனால், கட்டிலில் வெள்ளைத் துண்டை மடித்து இரண்டு அன்னப்பறவைகள் செய்து, மூக்கோடு மூக்கு ஒட்டி வைத்திருந்தார்கள். இரண்டு பேருக்கு அறை சொன்னால் தம்பதி என்று நினைத்துக்கொள்வார்கள்போல. செல்வம் பார்த்திருந்தால் மூன்று வருஷத்துக்குச் சொல்லிச் சிரித்திருப்பான். குளிக்கத் துண்டு வேண்டும், ஆனால் பிரிக்கக் கை வரவில்லை. கைலியால் துடைத்துக்கொண்டேன். அன்னங்களை அப்படியே தூக்கி மேசைமேல் வைத்தேன். கடைசி நாள்வரை அவை அங்கேயே ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.

விடியற்காலைத் தொழுகைக்குத் தீவின் சின்னப் பள்ளிவாசலுக்குப் போனேன். ஏழெட்டுப் படகுக்காரர்கள். நான் யார், எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. இடைவெளி விடாமல் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். விமானத்தில் தூங்கியவரை விட்டுவிட்டால், அந்த வாரத்தில் என் தோள்மேல் பட்ட மனிதச் சூடு அதுதான்.

முங்கக் கற்றுத்தருகிற கடையை நடத்துபவர் பெயர் ஃபைசல். முப்பத்தைந்து வயதிருக்கும். வெயிலில் கறுத்து, எப்போதும் பாதித் தூக்கத்தில் இருப்பவர்போல ஒரு முகம். ஆங்கிலமும் மலாயும் கலந்து பேசினார். எத்தனை பேர் என்று கேட்டார். பழக்கத்தில் ஒரு விரலைத் தூக்கினேன். அவர் தலையாட்டினார்.

"சாப்பிட ஒருவர் வரலாம். தூங்க ஒருவர் வரலாம். கீழே போக இரண்டு பேர் வேண்டும்" என்றார்.

கடலுக்குள் யாரையும் தனியாக அனுப்ப மாட்டார்களாம். ஜோடி உண்டு. காற்று தீர்ந்தால் ஜோடியின் குழாயில் மூச்சு வாங்கலாம். அந்த ஜோடியின் முதல் சட்டம், ஒருவர் மேலே போனால் இன்னொருவரும் போயாக வேண்டும். கீழே எவ்வளவு நல்ல காட்சி இருந்தாலும் சரி. பல நாடுகளில் ஒற்றை விரலைக் காட்டிப் பிழைத்துவிட்ட எனக்கு, கடல் இடம் தரவில்லை.

என் ஜோடி அதே கடையின் பெஞ்சில்தான் காத்திருந்தார். திருமதி லிம். ஈப்போவில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபதைத் தொடும் வயது, ஆண்பிள்ளைக் கிராப், சிகரெட் அட்டை மாதிரி ஒல்லி. பல வருஷமாக இங்கே வந்து முங்குகிறவர். இந்த முறை கூட யாரும் வரவில்லை. முன்பெல்லாம் அவரோடு வந்தவர்களைப் பற்றிக் கேட்டேன். "ஒருத்திக்கு முழங்கால். ஒருத்திக்கு இதயம். ஒருத்தி ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் பேரனைப் பார்த்துக்கொள்கிறாள்" என்று வருகைப்பதிவு வாசிப்பதுபோலச் சொன்னார். இந்த வருஷத்தோடு நிறுத்திவிடுகிறேன் என்று மகனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டாராம். அதனால் இது அவருக்குக் கடைசி முறை.

அவர் பார்க்க வந்தது ஒரு சிப்பியை. மாட்டுத் தொட்டி அளவுக்குப் பெரிய சிப்பி, ஒரு பாறைக்கு அடியில் பல வருஷமாக ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறதாம். ஒரு சிப்பியைப் பார்க்க இவ்வளவு தூரமா என்றேன்.

"அதனால் நகர முடியாது. நான்தானே வர வேண்டும்" என்றார்.

எங்கள் ஊர்க் கோயில்களில் இதை மூலவர் என்பார்கள் என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை, ஆனால் மறுக்கவுமில்லை.

சிக்கல் இதுதான். தீவில் வேறு வாடிக்கையாளர் கிடையாது. நான் வகுப்பை முடித்தால், கடைசிநாள் பாடமாக அந்தப் பாறைக்கு ஃபைசல் எங்கள் இருவரையும் கூட்டிப்போவார். நான் தேறாவிட்டால் திருமதி லிம்முக்கு ஜோடி இல்லை; அவர் ஒருவருக்காக மட்டும் ஃபைசல் படகை எடுப்பதும் இல்லை. அன்று மதியப் படகில் அவர் ஊருக்குத் திரும்ப வேண்டும். அதாவது அவருடைய சிப்பி, என் கையில்.

எனக்குக் கொஞ்சமும் கவலை இல்லை. கருவிகளைப் பார்த்ததும் கவலை இன்னும் கம்மியாகிவிட்டது. பிரஷர் மீட்டர், வால்வு, ரப்பர் வாஷர், ஹோஸ்: எல்லாம் என் கடைச் சாமான். எனக்கோ, தங்கைகள் பல் விளக்கப் பழகும் முன்பே கிணற்றில் முங்கி அடிமண் எடுத்த அனுபவம்.

அந்த அனுபவம்தான் காலை வாரியது.

கிணற்றில் நீச்சல் என்றால் எங்களுக்குத் தம் கட்டுவது. அதுதான் வித்தை, அதுதான் பந்தயம். நெஞ்சு முட்ட மூச்சை இழுத்து, வாயை இறுக்கி மூடி, அடிவரை போய் ஒரு பிடி மண் எடுத்து வர வேண்டும். செல்வத்தை நான் ஜெயித்ததே இல்லை. நான் மேலே வந்து, மூக்கைச் சிந்தி, படிக்கட்டில் உட்கார்ந்து, இவன் செத்தே போய்விட்டானா என்று எட்டிப் பார்க்கும்போதுதான், கையில் மண்ணோடு சாவகாசமாக வருவான். நாங்கள் பெரிய ஆட்களாகி, தொப்பை போட்ட பிறகும் அப்படித்தான்.

ஃபைசல் சொன்ன முதல் பாடம்: கீழே ஒரு நொடிகூட மூச்சை அடக்கக் கூடாது. இழுத்துக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்க வேண்டும். அடக்கினால் நெஞ்சு பலூனாகி ஆளை மேலே தூக்கும். மேலே போகப்போக அந்தக் காற்று விரிந்து நுரையீரலையே கிழித்துவிடலாம். சைக்கிள் டியூப் வெடிப்பதைப் பார்த்தவனுக்கு இது புரியாதா? நன்றாகவே புரிந்தது. தண்ணீருக்குள் தலை போனதும் புத்திக்குப் புரிந்தது நெஞ்சுக்குப் புரியவில்லை. அது தானாக நிரம்பி, தானாகப் பூட்டிக்கொண்டது. முதுகில் ஒரு உருளை நிறையக் காற்று, வாயில் குழாய், நானோ மூச்சே விடாமல் தம் கட்டி, வீரமாக உட்கார்ந்திருக்கிறேன். அடுத்த நிமிஷம் காலி எண்ணெய் டின் மாதிரி மேலே மிதக்கிறேன். ஃபைசல் காலைப் பிடித்து இழுக்கிறார். மறுபடி மிதக்கிறேன். கரையில் ஒரு பூனை உட்கார்ந்து இதை முழுக்கப் பார்த்தது.

யாரிடம் நீச்சல் கற்றாய் என்று ஃபைசல் கேட்டார். கிணற்றில் என்றேன். மூச்சை அடக்குவதில் இதுவரை இப்படி ஒருவரைப் பார்த்ததில்லை என்றும், இவ்வளவு மோசமான மாணவனையும் பார்த்ததில்லை என்றும் அவர் மரியாதையாகச் சொன்னார்.

அடுத்த நாளும் அதே கதை. மாலையில் ஃபைசல் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நாளைக் காலை ஆழம் குறைந்த இடத்தில் ஒரு தடவை பார்ப்பேன், அங்கேயும் மிதந்தால் பாறைக்குக் கூட்டிப்போக மாட்டேன் என்றார். திருமதி லிம் பெஞ்சில் உட்கார்ந்து முங்கும்போது மாட்டுகிற தன் முகக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்திருக்கும். துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

படகுத் துறையின் நுனிக்குப் போய் செல்வத்துக்குப் போன் போட்டேன். பின்னால் டிராக்டர்களின் இரைச்சலும் ஹாரனும் கேட்டது. ஆலை வரிசையில் நிற்கிறானாம்.

"இன்னாடா, முங்கிட்டியா?"

நடந்ததைச் சொன்னேன். அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்து டிராக்டர்காரர் என்ன என்று கேட்பது எனக்கே கேட்டது.

"தம் கட்டக் கூடாதா? அப்றம் இன்னாடா நீச்சலு அது?" என்றான். பிறகு, "டேய், உன் வாய மூட வாத்தியாரால முடியல, ஹெட்மாஸ்டரால முடியல. தண்ணிக்குள்ள போனாதான் மூடுவ. அங்கயும் போய்ப் பேசிக்கினே கெடயேன். இரு, வண்டி நவுருது."

வைத்துவிட்டான். அந்த வரிசை நகர்ந்தால் நகர வேண்டியதுதான், அது தெரியும். இருந்தாலும் போனைக் காதிலிருந்து எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது. கடல் கறுத்துக்கொண்டு வந்தது. சாப்பாட்டுக் கடையில் போய் ஒரு விரலைக் காட்டினேன். சுட்ட மீன் வந்தது. முள் எடுத்துச் சாப்பிடுவது பொறுமையான வேலை, இரண்டு பேர் சாப்பிட வேண்டிய பொருள் அது. எதிரில் ஆள் இல்லாமல் மீன் சாப்பிட்டால் முள்ளைத் தவிர வேறு எதிலும் கவனம் போகாது. அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அப்போது செல்வம் கிண்டலாகச் சொன்னது மறுபடி காதில் விழுந்தது. பேசிக்கினே கெடயேன்.

பேசுகிறவன் மூச்சை அடக்க முடியாதே.

மறுநாள் காலை ஆழம் குறைந்த இடத்தில் தலை உள்ளே போனது. நெஞ்சு வழக்கம்போலப் பூட்டப் பார்த்தது. குழாயைப் பல்லில் கடித்தபடியே ஆரம்பித்தேன். "டேய் செல்வம், இங்க இன்னா குளிருதுன்ற." வார்த்தை எதுவும் வெளியே வரவில்லை, உர் உர்ரென்று ஒரு சத்தமும் அதன் பின்னால் ஒரு கொத்துக் குமிழியும் போயின. மூச்சு தானாக உள்ளே வந்தது. அடுத்த வாக்கியத்துக்கு அது வேண்டுமே. "உன் ஆலையும் நீயும் நாசமாப் போங்கடா" என்றேன். இன்னொரு கொத்துக் குமிழி. நான் மிதக்கவில்லை. தரையில் முழங்கால் பதித்து, நல்ல பிள்ளையாக உட்கார்ந்து, என் நண்பனைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஃபைசல் என் முகத்தருகே வந்து, கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாக்கிக் காட்டினார். எல்லாம் சரியா என்று அர்த்தம். நானும் காட்டினேன்.

பாறைக்குப் போனோம்.

கீழே இறங்க இறங்க, நிறங்களில் சிவப்புதான் முதலில் காணாமல் போகும் என்பார்கள். எனக்கு முதலில் காணாமல் போனது சத்தம். கிணற்றுக்குள் முங்கினால் எங்கேயாவது மோட்டார் ஓடுவது கேட்கும், மேலே நிற்கிறவன் கத்துவது கேட்கும். இங்கே என் மூச்சைத் தவிர எதுவும் இல்லை. நாலு பக்கமும் சுவர் இல்லாத நீலம். எந்தத் திசையில் போனாலும் யாரும் எத்தனை பேர் என்று கேட்கப் போவதில்லை. பயம் என்று சொல்ல முடியாது. அந்த டீக்கடைப் பெஞ்சில் வந்த நினைப்பு, டீ கிடைக்காத இடத்தில் மறுபடி வந்தது.

அதனால் நிறுத்தாமல் பேசினேன்.

"செல்வம், இங்க ஒரு மீனுடா, உன் மாமனார் மாதிரியே மொறைக்குது. அந்தாண்ட பாரு, மொத்தமா நூறு போவுது, எல்லாம் ஒரே பக்கம் திரும்புது, டிராபிக் போலீசே இல்ல. நீ இருந்திருந்தா இதுல எது வறுக்கலாம்னு கேட்டிருப்ப. டேய், ஆமைடா. நிஜமா ஆமை. நம்ம ரெண்டு பேரையும் பாத்துட்டு, சீன்னு போவுதுடா."

நம்ம ரெண்டு பேரையும் என்றுதான் சொன்னேன். திருத்தவில்லை.

திருமதி லிம் எனக்கு ஒரு கை தூரத்தில் வந்தார். தரையில் நடக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்கிற அம்மா, அங்கே காற்றில் விட்ட தாள் மாதிரிப் போனார். பாறைக்கு அடியில் அது இருந்தது. சிப்பி வாய் திறந்திருந்தது. உள்ளே ஊதாவும் பச்சையுமாக வெல்வெட் துணியைச் சுருக்கிவைத்தது போன்ற உதடுகள், மெதுவாக அசைந்தன. அவர் அதற்கு எதிரே அப்படியே நின்றார். தொடவில்லை, படம் பிடிக்கவில்லை. துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் பேச்சில்லாமல் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தார். என் வாழ்க்கையில் மிகக் குறைவாகப் பேசியது அந்தக் கொஞ்ச நேரம்தான். "டேய், பேசாம இரு, அம்மா பாக்கறாங்க" என்று மட்டும் செல்வத்துக்குச் சொன்னேன்.

பேசுகிறவனுக்குக் காற்று சீக்கிரம் தீரும். என் மீட்டர் முள் சிவப்புக்குப் பக்கத்தில் வந்திருந்தது. அவருடையதில் இன்னும் நிறைய இருக்கும். நான் மேலே போனால் அவரும் போக வேண்டும், இது கடைசி முறை. முள்ளைப் பார்த்தேன், அவர் முதுகைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் தம் கட்டினால் மிச்சமாகுமே என்ற அழகான யோசனை ஒன்றும் வந்தது. அதற்குள் அவரே திரும்பி, என் மீட்டரை எடுத்துப் பார்த்து, கட்டைவிரலை மேல்நோக்கிக் காட்டினார். மேலே. சிப்பியை அவர் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்கவில்லை. ஏறும்போது என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். நான் மிதந்து ஓடிவிடாமல் இருப்பதற்காகத்தான். மேலே வந்த பிறகும் உடனே விடவில்லை.

படகில் ஏறியதும் கேட்டார், "கீழே யாரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள்?"

"நண்பன். எங்கள் ஊரில் இருக்கிறான்."

"என் ஜோடிகளிலேயே அதிகச் சத்தம் போட்டது நீங்கள்தான்." தலையைத் துவட்டிக்கொண்டே யோசித்தார். "அவர் என்ன பதில் சொன்னார்?"

"கரும்பு வரிசையில் நிற்கிறான்" என்றேன். அவர் தலையாட்டினார். கரும்பு வரிசை என்றால் என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் முழங்கால், இதயம், பெர்த் தெரியும்.

மதியம் இருவரும் ஒரே படகில் கரைக்குத் திரும்பினோம். படகுக்காரர் எத்தனை பேர் என்று கேட்டார். திருமதி லிம் ஒரு விரலைத் தூக்கினார், நானும் ஒரு விரலைத் தூக்கினேன். படகுக்காரர் இரண்டு என்று சொல்லிக்கொண்டு கயிற்றை அவிழ்த்தார்.

ஊருக்கு வந்த மறுநாள் கச்சிராயபாளையத்துக்கு வண்டியை விட்டேன். பையில் இரண்டு முகக்கண்ணாடிகள். செல்வத்தின் வயல் வெட்டி முடிந்து, உதிர்ந்த சோகை இலைகளை எரித்துக் கறுப்பாகக் கிடந்தது. அதற்குள் முதலில் வெட்டிய பக்கம் கட்டைகளில் மறுதாம்புக் கரும்பு துளிர்விட்டிருந்தது. அடுத்த வருஷத்து வெட்டு உத்தரவு பச்சையாக, வரிசையாக முளைத்து நின்றது. செல்வம் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"அடுத்த வருசம் கட்டாயமா..." என்று ஆரம்பித்தான்.

"வாடா, குளிப்போம்" என்றேன்.

கிணற்றுப் படியில் உட்கார்ந்து அவனுக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டேன். தலை பெரிது, பட்டையை நாலு தடவை இழுக்க வேண்டியிருந்தது. கூடவே, ஃபைசல் சொன்ன சட்டங்களை எல்லாம் வாத்தியார் மாதிரி ஒப்பித்தேன். விரல் வளையம் என்றால் சரி, கட்டைவிரல் என்றால் மேலே, ஜோடியை விட்டு நகரக் கூடாது, ஒருத்தன் ஏறினால் ரெண்டு பேரும் ஏறணும். சரி சரி என்று காது குடைந்துகொண்டே கேட்டான். கேட்ட மாதிரித் தெரியவில்லை.

இருவரும் ஒன்றாகக் குதித்தோம். கண்ணாடி வழியாக எங்கள் கிணற்றை முதல்முறையாகப் பார்த்தேன். பச்சை வெளிச்சம், கல் இடுக்கில் செடி, மோட்டார் குழாயின் நுனியில் என் கடையில் வாங்கிய ஃபுட் வால்வு, அடியில் யாருடையதோ ஒற்றைச் செருப்பு. செல்வம் எதிரில் கன்னம் உப்பிக்கொண்டு, விரலை வளைத்துக் காட்டினான். நானும் காட்டினேன். அப்போதுதான் தெரிந்தது, மலேசியாவில் செலவழித்துக் கற்ற பாடம் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது என்று. நெஞ்சு பூட்டிக்கொள்ளவில்லை. தம் நிற்கவில்லை. அடிவரை போகக்கூட முடியாமல் பாதியிலேயே மேலே ஓடினேன்.

மூக்கைச் சிந்தினேன். படிக்கட்டைப் பிடித்தேன். இனி அவன் மண்ணோடு வருவதற்குள் ஒரு டீயே குடித்துவிடலாம் என்று நினைத்தபோது, பக்கத்தில் தண்ணீரைப் பொத்துக்கொண்டு செல்வத்தின் தலை வந்தது. கன்னத்தில் பாதி மூச்சு இன்னும் மிச்சம். கை காலியாக இருந்தது.

"இன்னாடா, மண்ணு எங்க?" என்றேன்.

"நீ ஏறிட்டியே. ஒருத்தன் ஏறனா ரெண்டு பேரும் ஏறணும்னு நீதானடா சொன்ன."

கண்ணாடியைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டான். நான் ஒன்றும் பேசவில்லை. தம் கட்டிக்கொண்டிருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.